தீங்கும் தடையும்: திருமங்கலம் வட்டாரத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை முன்வைத்துத் தீங்குக் கோட்பாடு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பிறருக்குத் தீங்கு நேர்வதைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரது உரிமையில் அரசு தலையிடலாம் என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த தீங்குக் கோட்பாடு. இக்கோட்பாட்டைத் திருமங்கலம் தாலுகாவில் பிறமலைக் கள்ளர்மீது ஏவப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வட்டாரத்தில் தீங்கு இருந்தது என்பதை மறுக்காமலேயே அச்சட்டத்தின் நியாயமின்மையை நிறுவ முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். தீங்கு உண்டா என்னும் வினாவோடு அது யாருடைய செயல், எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது, தடை எப்போது முடியும், தடைக்கு முன் வேறு வழி தேடப்பட்டதா என்னும் நான்கு வினாக்களும் சேர்ந்தால்தான் தீங்குக் கோட்பாடு உரிமைக்குக் காவலாகும். சிலப்பதிகாரமும் திருக்குறளும் இவ்வினாக்களுக்குத் துணைநிற்பது சுட்டப்படுகிறது.

குறிச்சொற்கள்: தீங்குக் கோட்பாடு, குற்றப்பரம்பரைச் சட்டம், திருமங்கலம், பெருங்காமநல்லூர், காவல் முறை, தடுப்புக்காவல், கொலைக்களக் காதை.

முன்னுரை

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், அன்றைய திருமங்கலம் தாலுகாவைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில், கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அதில் உயிரிழந்தோராகப் பதினாறு பேரை இவ்வட்டாரம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். காயமுற்றோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றபோது அவர் கொல்லப்பட்டார் என்பது ஊர்மக்களின் நினைவு.

இந்நிகழ்வு வீரத்தின் வரலாறாகவும் காலனியக் கொடுமையின் வரலாறாகவும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அரசியல் மெய்யியலின் சிக்கலாக அது போதிய அளவு வாசிக்கப்படவில்லை. ‘மக்களின் உடைமையைக் காப்பதற்காகவே இத்தடை’ என்பதே அன்றைய அரசின் வாதம். அதாவது, பிறர்க்குத் தீங்கு என்னும் காரணமே அங்கும் முன்வைக்கப்பட்டது. உரிமையின் காவலராகப் போற்றப்படும் மில் வகுத்த கோட்பாடும், உரிமையை ஒடுக்கிய ஒரு சட்டமும் ஒரே சொல்லின்மீது நிற்கின்றன. இம்முரணை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மில்லின் கோட்பாடும் அதன் விலக்கும்

மில் தம் ‘சுதந்திரம்’ நூலை 1859இல் வெளியிட்டார். ஒருவரது சொந்த நன்மையைக் காரணம் காட்டி அவரைக் கட்டுப்படுத்தல் ஆகாது. பிறருக்குத் தீங்கு நேரும் இடத்திலேயே கட்டுப்பாடு நியாயமாகும் என்பது அந்நூலின் மையம். பலரும் மேற்கோள் காட்டும் இப்பகுதியை அடுத்தே கோட்பாட்டின் எல்லையையும் மில் வரைந்துவிடுகிறார். இக்கோட்பாடு சிறார்க்குப் பொருந்தாது என்றும், பின்தங்கிய நிலையில் உள்ள சமுதாயங்களுக்கும் பொருந்தாது என்றும், அத்தகைய சமுதாயங்களில் முன்னேற்றத்தை நோக்கமாகக் கொண்ட சர்வாதிகாரம் முறையான ஆட்சியே என்றும் அவர் கருதினார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்விலக்கு எந்த நாட்டை மனத்தில் கொண்டது என்பதை உய்த்துணர்வது அரிதன்று.

எனினும் மில்லை இவ்விலக்கோடு ஒதுக்கிவிடுவது ஆய்வுக்கு உதவாது. அதே நூலின் இறுதி இயலில் குற்றம் நிகழுமுன் தடுக்கும் அரசின் அதிகாரத்தை அவர் ஆராய்கிறார். குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கும் அதிகாரத்தினும் முன்கூட்டித் தடுக்கும் அதிகாரமே பெரிதும் தவறாகப் பயன்படக்கூடியது என எச்சரிக்கிறார். மனிதரின் எந்த உரிமையையும் ஏதோவொரு குற்றத்திற்கு வாய்ப்பளிப்பதாகக் காட்டிவிட முடியும் என்பது அவர் கூறும் காரணம். அடுத்து, குடிவெறியில் வன்முறை செய்து ஒருமுறை தண்டனை பெற்றவர்மீது தனிக் கட்டுப்பாடு விதிக்கலாம் என ஏற்கிறார். ஆனால் அக்கட்டுப்பாடு அவர் ஒருவரைமட்டுமே சாரும் என்கிறார். தண்டனை பெற்றவரின் மகனையோ உறவினரையோ சாதியாரையோ அது தொடாது. கோட்பாட்டின் உயிர்நிலை இந்த வரையறையில் இருக்கிறது எனலாம்.

ஒரே சட்ட உறுப்பினர், இரண்டு சட்டங்கள்

1869 முதல் 1872 வரை வைசிராயின் ஆட்சிக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1873இல் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்னும் நூலை எழுதி மில்லைக் கடுமையாக மறுத்தவரும் இவரே. இவருடைய பதவிக்காலத்திலேயே 1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டமாகக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் நிறைவேறியது.

இவ்விரு சட்டங்களையும் ஒருங்கே வைத்துப் படித்தல் பயன் தரும். குற்ற வழக்கில், தாம் நல்லொழுக்கம் உடையவர் என எதிரி சான்று காட்டாதவரை, அவரது தீய ஒழுக்கம் பொருத்தமுடைய சான்றாகாது என்றது சாட்சியச் சட்டம். ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை விட்டு, அவர் இதைச் செய்தாரா என்பதை மட்டும் நீதிமன்றம் காணவேண்டும் என்பது இவ்விதியின் உட்கருத்து. குற்றப்பரம்பரைச் சட்டமோ இதற்கு நேர்மாறானது. ஒரு கூட்டத்தார் பிணையில் விட இயலாத குற்றங்களை முறையாகச் செய்துவருபவர் என அரசு கருதினால் போதும்; அறிவிக்கை ஒன்றின் வழி அவர்கள் அனைவரையும் பதிவேட்டில் சேர்க்கலாம். அந்த அறிவிக்கை செல்லுமா என எந்த நீதிமன்றமும் வினவ முடியாது. நீதிமன்றத்தின் உள்ளே சான்றாகாத ‘ஒழுக்கம்’, நீதிமன்றத்திற்கு வெளியே ஒரு சமூகம் முழுவதற்கும் தீர்ப்பாயிற்று. குடிமக்கள் எனக் கருதப்பட்டோர்க்கு ஒரு நீதியும் கூட்டம் எனக் கருதப்பட்டோர்க்கு வேறொரு நீதியும் ஒரே மேசையிலிருந்து வெளிவந்தன.

முதலில் வட இந்தியாவிற்கே உரியதாக இருந்த இச்சட்டம் 1911ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்தின் வழிச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1914இல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் கள்ளர்மீதும், தொடர்ந்து 1918இல் பிறமலைக் கள்ளர் முழுவதன்மீதும் அது பாய்ந்தது.

தீங்கு உண்மையா?

இச்சட்டத்தை மறுப்போர் பலர், கள்ளர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் காலனிய அரசின் புனைவே என்று கூறி அமைவர். இவ்வாதம் எளிது, ஆனால் முழுமையற்றது. திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் காவல் முறை நெடுங்காலம் நிலவியது. ஊரையும் கால்நடையையும் காப்பதற்குக் காவல்காரர் கூலி பெற்றனர். களவு போனால் பொருளை மீட்டுத்தரவோ ஈடு கட்டவோ கடமைப்பட்டனர். இது ஒரு சமூக ஒப்பந்தம். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் புதிய காவல்துறையை நிறுவியபின் பழைய காவலுக்குச் சட்ட ஏற்பு இல்லாமற்போயிற்று. ஏற்பு போனபின்னும் கூலி கேட்டல் போகவில்லை. கூலி தர மறுத்தோரின் மாடுகள் காணாமற்போதலும், அவற்றை மீட்கத் துப்புக்கூலி தருதலும் 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் மதுரை மாவட்ட விவரச் சுவடியில் பதிவாகியுள்ளன.

அச்சுவடியைக் காலனியப் பார்வை என ஒதுக்கினாலும் மற்றொரு சான்று எஞ்சுகிறது. 1896இல் திண்டுக்கல், பழனிப் பகுதிகளில் உழுகுடிகளும் இடையரும் திரண்டு கள்ளர் காவலை எதிர்த்தனர். பொதுநிதி திரட்டியதால் அவ்வியக்கம் ‘பண்டு’ எனப்பட்டது. அது அரசு தூண்டி எழுந்த ஒன்றன்று. தம் மாட்டையும் தானியத்தையும் இழந்த எளிய வேளாளரின் சினம். அவ்வியக்கமே பின்னர்ப் பல ஊர்களில் கள்ளர் குடும்பங்களை வீடுவாசலிழந்து ஓடச் செய்த வன்முறையாக மாறியது என்பதும் அதே வரலாற்றின் மறுபக்கம்.

எனவே தீங்கு இருந்தது. ஆனால் அதன் வேர் எங்கே இருந்தது? ஓர் அரசு பழைய பிழைப்பைப் பறித்து, மாற்றுப் பிழைப்பை அளிக்காத இடத்தில் இருந்தது. பெரியாற்று நீர் 1895 முதல் பாய்ந்த மேலூர்ப் பகுதியில் கள்ளர் உழவில் ஊன்றியதை வரலாற்றாய்வாளர் சுட்டுவர். அந்நீர் எட்டாத திருமங்கலத்தின் மேற்குப் புலம் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. குணம் குருதியில் இருந்ததெனின் வாய்க்கால் வந்த இடத்தில் அது மாறியிருக்க இயலாது. காவல் முறையின் இச்சமூகப் பின்புலத்தைப் புனைவில் விரிவாக மீட்டது சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. ஆய்வுலகில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், ஆனந்த் பாண்டியன் ஆகியோரின் எழுத்துகள் இத்திசையில் முதன்மையானவை.

செயலிலிருந்து பிறப்பிற்கு

சட்டம் நடைமுறையில் செய்ததென்ன? பதிவேட்டில் சேர்க்கப்பட்டோர் கைரேகை பதிய வேண்டும். குறித்த வேளைகளில் காவல் அலுவலர்முன் வர வேண்டும். இருப்பிட மாற்றத்தையும் வெளியூர்ச் செலவையும் அறிவிக்க வேண்டும். இரவில் ஆடவர் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்தெழ வேண்டும் என்னும் நடைமுறையும் வெளியூர் செல்ல ‘ராதாரிச் சீட்டு’ப் பெறும் நடைமுறையும் இன்றும் இவ்வட்டார முதியோர் வழி வாய்மொழியாக வழங்கிவருகின்றன. ஒருமுறையும் களவாடாதவரும், களவை வெறுத்தவரும், உழவே தொழிலாகக் கொண்டவரும் இவற்றுக்கு உட்பட்டனர்.

இங்குச் சட்டத்தின் பெயர்கள் கருதத்தக்கன. ஆங்கிலத்தில் ‘பழங்குடி’ என்னும் பொருளில் நின்ற சொல் தமிழில் ‘பரம்பரை’ ஆயிற்று. மொழிபெயர்ப்பு பிழை போலத் தோன்றினும், மூலம் மறைத்ததை அது வெளிப்படுத்திவிட்டது. குற்றம் என்பது செயல்; பரம்பரை என்பது பிறப்பு. இரண்டையும் ஒட்டி எழுதிய கூட்டுச்சொல்லே அச்சட்டத்தின் முழுத் தருக்கமாகும். மக்களோ அதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர். கைரேகை ஒருவருக்கு உள்ளதுபோல் மற்றவருக்கு இல்லை. தனிமனிதரை அடையாளங்காணப் பயன்படும் கருவி அது. தனிமனிதரைப் பிரித்தறிய மறுத்த ஒரு சட்டம் அக்கருவியைக் கைக்கொண்டது என்பது நகைமுரண். பதிவேடு ஒவ்வொரு விரலையும் தனித்தனியே அறிந்தது. விரலுக்குரியவர் என்ன செய்தார் என்பதை மட்டும் அறிய முயலவில்லை.

பெருங்காமநல்லூர் மறுத்தது இதைத்தான். துப்பாக்கிச்சூட்டிற்குப்பின் கைதானோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் திருமங்கலத்திற்கு நடத்திக் கொண்டுவரப்பட்டனர் என வாய்மொழி வரலாறு கூறும். மதுரையில் வழக்குரைஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப், கள்ளருக்காக வாதாடி ‘ரோசாப்பூ துரை’ என மக்களால் அழைக்கப்பட்டார். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் இச்சட்டத்திற்கெதிராகப் போராடினர். 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

பொற்கொல்லனின் வாதம்

ஒருவரது செயலுக்குச் சான்றின்றி, ஒரு வகையாரைப் பற்றிய பொது அறிவைக் கொண்டு தண்டித்தல் மதுரைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர் ‘இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று’ எனத் தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன் கோவலன் சிலம்பைத் திருடியதற்குச் சான்று எதையும் காட்டவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குரிய எட்டுத் துணைகளை விரித்துரைக்கிறான். களவு நூல் அறிந்தவனைப்போலப் பேசி, கள்வர் அனைவரும் இத்தகையர் என நிறுவுகிறான். அதன்பின் கோவலனின் தயக்கமற்ற முகமே அவனுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. குடிவெறி கொண்ட காவலன் ஒருவன் வாளை வீசுகிறான்.

காலனியக் காலத்து இனவரைவுச் சுவடிகள் ஆற்றிய பணி பொற்கொல்லனின் பணியிலிருந்து வேறன்று. வளரி எறிதல், கன்னமிடுதல், மாடு ஓட்டுதல் எனத் திறன்களின் பட்டியலை அவை தந்தன. அத்திறன் உடைய கூட்டத்தில் ஒருவர் பிறந்தார் என்பதே அவர்மீதான வழக்காயிற்று. அறிவு, சான்றின் இடத்தைக் கவர்ந்துகொண்டது.

திருக்குறள் இதற்கு மறுதலையான அளவையைத் தருகிறது. செங்கோன்மை அதிகாரம், கொடியோரை ஒறுத்தலைப் பயிரிடையே களையெடுத்தலோடு ஒப்பிடும். இவ்வுவமையைத் தனித்து எடுத்தால் அது குற்றப்பரம்பரைச் சட்டத்திற்கும் துணைபோகக்கூடும். களை விதையிலேயே களைதானே எனக் கேட்கலாம். ஆனால் குறள் அங்குக் கூறுவது கொலை செய்த கொடியோரை, செயல் முன்னிற்கிறது. மேலும் வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் முதற்குறள் இவ்வுவமைக்கு எல்லை கட்டுகிறது. தக்கவாறு ஆராய்தல், மீண்டும் நிகழாவண்ணம் தடுத்தல், குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வேந்தின் கடமை என்கிறது. தடுத்தல் அங்கு ஆராய்தலுக்கும் அளவுக்கும் இடையே கட்டுண்டு நிற்கிறது.

நான்கு அளவைகள்

மேற்கூறியவற்றிலிருந்து, தீங்கைக் காரணம் காட்டும் தடைகளை அளக்க நான்கு அளவைகளை வகுக்கலாம்.

முதலாவது, உரிமை. தீங்கு யாருடைய செயல்? தடை அச்செயலுக்குரியவரைமட்டும் சாரவேண்டும். அல்லது தொற்றுநோய்க் காலம்போல அனைவரையும் ஒருங்கே சாரவேண்டும். பிறப்பால் பிரிக்கப்பட்ட ஒரு பகுதியினரைமட்டும் சார்தல் ஆகாது. இரண்டாவது, மெய்ப்பு. தீங்கு எவ்வாறு நிறுவப்பட்டது? தடைக்குட்பட்டவர் அதை மறுத்துப் பேச ஒரு மன்றம் உண்டா? மூன்றாவது, முடிவு. தடை எந்நாளில், எந்நிலையில் நீங்கும்? நான்காவது, மாற்று. உரிமையைக் குறைவாகப் பறிக்கும் வேறு வழி இருந்ததா?

குற்றப்பரம்பரைச் சட்டம் நான்கிலும் தோற்கிறது. நான்காவதில் அதன் தோல்வி சிறப்பாகக் குறிக்கத்தக்கது. களவிற்கும் கொள்ளைக்கும் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் தண்டனை இருந்தது. வழக்கமாகக் குற்றம் புரிவோரிடம் நன்னடத்தைப் பிணை பெற 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்து 110ஆம் பிரிவு இருந்தது. அப்பிரிவும் ஊர்ப்பேச்சைச் சான்றாக ஏற்ற குறையுடையதே. ஆயினும் அது தனி ஒருவரைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்தி விசாரித்தது. பாசன வசதியும் பள்ளியும் கூட்டுறவும் மாற்று வழிகளே. கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்குவது அவ்வழியின் ஆற்றலைக் காட்டும். ஆனால் அன்று பள்ளியும் பதிவேடும் ஒன்றாகவே வந்தன. நன்மையைக் கொடுத்த கையே சீட்டையும் கேட்டது. சீர்திருத்தம் என்பது தடையின் மாற்றாக அமையாமல் அதன் அணியாக அமைந்தது.

இன்றைய பொருத்தம்

குற்றப்பரம்பரை நீங்கினாலும் வினா நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சென்னை வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பரம்பரையின் இடத்தில் தனிமனிதரின் முன்தண்டனைகளை வைத்தது. இது முதல் அளவையில் உண்மையான முன்னேற்றம். ஆயினும், பட்டியலிலிருந்து நீங்கிய சமூகத்தார்மீது ‘வழக்கக் குற்றவாளி’ என்னும் சொல் சிறை விதிகளில் நிழலாய்த் தொடர்ந்தது. சாதி அடிப்படையிலான சிறை விதிகளைச் செல்லாதனவாக்கி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நிழலை நேரடியாகக் கருதியது.

குண்டர் தடுப்புச் சட்டம் என வழங்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாட்டுச் சட்டம் மற்றொரு சோதனைக்களம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர் முதலியோருக்கென வந்த இச்சட்டம், காலப்போக்கில் மணல் கடத்துவோர், பாலியல் குற்றவாளிகள், இணையவழிக் குற்றவாளிகள் எனப் பட்டியலை நீட்டியது. இங்குத் தடை தனி ஒருவரைச் சார்கிறது. காரணங்கள் எழுத்தில் தரப்படுகின்றன. அறிவுரைக் கழகம் ஆராய்கிறது. காவல் பன்னிரண்டு மாதத்தைத் தாண்ட முடியாது. எனவே முதலாவது, மூன்றாவது அளவைகளில் இது தேறுகிறது. இரண்டாவதில் ஐயம் எழுகிறது. அறிவுரைக் கழகத்தின்முன் வழக்குரைஞர் தோன்றும் உரிமை இல்லை. நான்காவதில் ஐயம் வலுக்கிறது. வழக்கமான குற்றவியல் சட்டம் போதுமானதாக உள்ள இடத்தில் தடுப்புக்காவலை நாடுதல் சட்டத்திற்கு முரண் என ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டியல் நீளுந்தோறும் ‘வகை’ மீண்டும் ‘செயலின்’ இடத்தைப் பிடிக்கும் இடர் உண்டு என்பதையும் கருதவேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. பாதிக்கப்பட்டோர் சாட்சி சொல்ல அஞ்சும் இடத்தில் வழக்கு நிற்காது. அங்குத் தடுப்புக்காவல் இல்லையெனில் எளியோர்க்கே தீங்கு என்பர். இம்மறுப்பு வலுவானது. 1896இன் உழுகுடிகளும் இதையே கூறியிருப்பர். ஆனால் சாட்சியின் அச்சத்திற்கு மருந்து சாட்சிக்குப் பாதுகாப்பு அளித்தலே. சான்றின் தேவையையே நீக்குதல் அன்று. பாதுகாப்பு அளிக்க இயலாத அவசர நிலையில் தடுப்புக்காவல் தேவைப்படலாம். அப்போதும் அரசு தன் இயலாமையை ஒப்புக்கொண்டு, குறுகிய காலத்திற்கு அதைக் கோருதல் வேண்டும்.

பெருங்காமநல்லூர் நிகழ்வின் நூற்றாண்டு நாளான 2020 ஏப்ரல் 3, கொரோனா பொதுமுடக்கத்தின் பத்தாம் நாள். அன்றும் வெளியூர் செல்ல அரசின் சீட்டுத் தேவைப்பட்டது. இரு தடைகளையும் ஒன்றெனக் கூறுதல் பிழை. பின்னது பிறப்பு பாராமல் அனைவர்க்கும் வந்தது; நாள் குறித்து வந்தது. எனினும் அதன் சுமை வீடுள்ளோர்க்கும் நாட்கூலியார்க்கும் ஒன்றாக இல்லை. சட்டத்தின் எழுத்தில் பொதுவானது வாழ்வில் பொதுவாவதில்லை என்பதை முதல் அளவையோடு சேர்த்துக் காணவேண்டும்.

முடிவுரை

தீங்குக் கோட்பாடு தன்னளவில் உரிமைக்கு அரணாவதில்லை என்பதைத் திருமங்கலம் வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது. தீங்கு உண்மையாக இருந்தபோதும் அதைத் தடுக்க வந்த சட்டம் அதனினும் பெரிய தீங்காக முடியும். செயலையும் பிறப்பையும் பிரிக்காமை, மன்றத்தின் வாயிலை அடைத்தல், முடிவுநாள் குறிக்காமை, மாற்று வழியைத் தேடாமை ஆகிய நான்கும் அதற்குக் காரணங்கள். மில் தாம் விலக்கிய மக்களுக்குத் தம் கோட்பாட்டை மறுத்தார். ஆனால் அவர் குறித்த ‘அவர் ஒருவரைமட்டும்’ என்னும் வரையறையையே பெருங்காமநல்லூர் மக்கள் தம் மறுப்பின்வழிக் கோரினர். அவ்வகையில் அக்கோட்பாட்டின் விடுபட்ட பகுதியை நிறைவு செய்தவர்கள் அவர்களே எனலாம். குறள் வகுத்த ஆராய்தலும் அளவும் இன்றித் தடுத்தலைமட்டும் கைக்கொள்ளும் எந்தச் சட்டத்திலும், கோவலனைப் பற்றி ஏதும் அறியாமலே கள்வரைப் பற்றி அனைத்தும் அறிந்த பொற்கொல்லனின் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.